ராணி இல்லாத கூடு: ஏற்காட்டில் எடுத்த ஓர் எறும்புக் கூட்டத்தின் இனம் கண்ட விதம்

கூடு இருந்த இடம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு சின்னக் காபித் தோட்டம். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரத்தின் வேர் மண்ணைத் தூக்கியிருந்த இடத்தில், விரல் நுழையும் அளவில் ஒரு வாய். சேலத்தில் விலங்கியல் படிக்கும் மாணவர் ஒருவர், தன் சித்தப்பாவின் பட்டா நிலமான அந்தத் தோட்டத்தில் கூட்டைத் தோண்டி எடுத்தார். ஈரமண்ணோடு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டிக்கு என்னிடம் கொண்டு வந்தார். எழுபது எண்பது எறும்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம், கருப்பு, பளபளப்பு இல்லாத உடம்பு. கூடவே வெள்ளைப் புழுக்களும், பழுப்பு உறைக்குள் இருந்த கூட்டுப்புழுக்களும்.

அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. இது என்ன எறும்பு? ராணி எங்கே?

"ராணி தப்பிச்சிருச்சுங்க சார். மண்ணு முழுக்கச் சலிச்சுப் பாத்துட்டேன், பெருசா ஒண்ணுமே இல்ல. மறுபடியும் போய்க் கீழ தோண்டட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி. அங்கே இருக்கிறது இருக்கட்டும். கையில இருக்கிறது யாருன்னு முதல்ல பார்ப்போம்."

இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எறும்பு பிடிக்கும் இளைஞர்கள் எல்லோரும் ராணியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ராணி கிடைத்தால் கூட்டம் வாழும், கிடைக்காவிட்டால் வீண் என்ற கணக்கு. ஆனால் ராணி எப்படி இருக்கும், எத்தனை இருக்கும், இருக்குமா என்பதே இனத்தைப் பொறுத்தது. இனம் தெரியாமல் ராணியைத் தேடினால் எதைத் தேடுகிறோம் என்பதே தெரியாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்போம். அதில் நசுங்கிச் சாவது எறும்புகள்தான்.

ஏற்கெனவே இரண்டு பெயர்கள்

டப்பா என்னிடம் வருவதற்கு முன்பே அதற்கு இரண்டு பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கட்டெறும்பு என்றார்கள். அது பொதுப்பெயர், பெரிய கருப்பு எறும்பு எதையும் அப்படித்தான் சொல்வோம். அதை வைத்து மாணவர் கேம்போனோட்டஸ் என்ற பேரினமாக (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி) இருக்கும் என்று நினைத்தார். பிறகு செல்போனில் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டார். இடுப்பில் முள் தெரிந்ததால் செயலி பாலிராக்கிஸ் என்றது.

இரண்டுமே முட்டாள்தனமான யூகம் அல்ல. இரண்டு பேரினங்களிலும் நம் ஊரில் பெரிய கருப்பு இனங்கள் உண்டு. பாலிராக்கிஸுக்கு முள்ளும் உண்டு. மேலே இருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. எறும்புக்கு மூன்று படம் வேண்டும்: முகத்தை நேராக, உடம்பைப் பக்கவாட்டில், முதுகை மேலிருந்து. ஆன்ட்வெப் தளத்தில் உலகத்து எறும்புகளை எல்லாம் அந்த மூன்று கோணத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நம் படமும் அதே கோணத்தில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஓடுகிற எறும்பை யாராலும் அப்படிப் படம் எடுக்க முடியாது. நான்கைந்தைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைத்தோம். உறைபெட்டியில் வைக்கக் கூடாது, செத்துவிடும். குளிரில் விறைத்து நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் பத்து மடங்கு பெருக்கும் கைலென்சிலும், பிறகு ஸ்டீரியோ நுண்ணோக்கியிலும் பார்த்துவிட வேண்டும். மூன்றை மட்டும் எத்தில் ஆல்கஹாலில் போட்டு மாதிரியாக வைத்தோம். எத்தனை படம் எடுத்தாலும் மாதிரி இல்லாத அடையாளத்தை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

இடுப்பும் வயிற்று நுனியும்

எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கணு இருக்கும், அல்லது இரண்டு இருக்கும். இந்த ஒரே கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். தீயெறும்பு, சர்க்கரை டப்பாவில் ஏறும் சித்தெறும்பு வகைகள் பல, வயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் கிரெமட்டோகாஸ்டர், மரத்தில் ஓடும் சிவப்பும் கருப்புமான டெட்ராபோனெரா ரூஃபோநைக்ரா எல்லாவற்றுக்கும் இரண்டு கணு. நம் டப்பாவில் இருந்ததற்கு ஒன்றே ஒன்று.

ஒரு கணு உள்ளவற்றில் அடுத்துப் பார்க்க வேண்டியது வயிற்றின் நுனி. கேம்போனோட்டஸ், பாலிராக்கிஸ், முசுறு ஆகியவை ஃபார்மிசினே என்ற துணைக்குடும்பம். இவற்றுக்குக் கொடுக்கு கிடையாது. வயிற்று நுனியில் வட்டமான சின்னத் துளை, அதைச் சுற்றி மயிர் விளிம்பு. பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவது அதன் வழியாகத்தான். நம் எறும்பின் நுனியில் துளை இல்லை. இடுக்கியால் மெல்ல அழுத்தியதும் கொடுக்கு வெளியே நீண்டது. கேம்போனோட்டஸும் பாலிராக்கிஸும் அந்த இடத்திலேயே போய்விட்டன.

பக்கவாட்டுப் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாம் வளையத்துக்கும் இடையே மெல்லிய இறுக்கம். கொடுக்கு, ஒற்றைக் கணு, இந்த இறுக்கம் மூன்றும் சேர்ந்தால் பொனெரினே. அதாவது இரையைக் கொட்டி வேட்டையாடும் எறும்புகளின் துணைக்குடும்பம்.

பொனெரினேயில் நம் பக்கம் பெரிதாகவும் கருப்பாகவும் தென்படுபவை அதிகம் இல்லை. ஹார்பெக்னாதஸ் சால்டேட்டருக்கு மேல்நோக்கி வளைந்த நீண்ட தாடையும் பெரிய கண்ணும் உண்டு, துள்ளிப் பாயும். 1851ல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட தாமஸ் ஜெர்டன் பெயரிட்ட இனம் அது. ஓடான்டோமேக்கஸின் தாடைகள் முகத்தின் நடுவில் இருந்து நேராக நீளும். லெப்டோஜெனிஸ் ஒல்லி, அதிலும் லெப்டோஜெனிஸ் புரொசஷனாலிஸ் நீண்ட சாரியாகப் போகும். நம் எறும்புக்கு முக்கோணத் தாடை, கட்டான உடம்பு. சாரி கட்டுவதே இல்லை, இரைக்குத் தனித்தனியாகத்தான் போகிறது.

முடிவாகக் காட்டிக்கொடுத்தவை இரண்டு. கணுவின் மேல் பின்பக்கமாக நீட்டியிருக்கும் ஒரு ஜோடி முள். இன்னொன்று உடம்பு முழுக்க ஓடும் வரிகள்: தலை, மார்பு, கணு, வயிற்றின் முதல் வளையம் வரை, கைரேகை போல வளைந்தும் இணையாகவும் போகும் ஆழமான கோடுகள். பளபளப்பு இல்லாமல் தெரிந்ததற்கு அந்த வரிகளும் மேலே படிந்த நுண்ணிய மயிரும்தான் காரணம். ஒற்றைக் கணு, அதில் இரட்டை முள், உடம்பெல்லாம் வரி, கொடுக்கு. இது டயகாமா.

செயலி முள்ளைப் பார்த்தது சரி. முள் எந்தக் குடும்பத்து உடம்பின் மேல் இருக்கிறது என்பதை அதனால் பார்க்க முடியவில்லை. பாலிராக்கிஸாக இருந்தால் வயிற்றின் முதல் வளையம் மட்டுமே பாதி வயிற்றுக்கு மேல் மூடியிருக்கும். பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்திருந்தால் கைலென்ஸ்கூடத் தேவைப்பட்டிருக்காது.

நடத்தையும் சாட்சி சொன்னது, ஆனால் அதற்கு நான் கொடுக்கும் எடை குறைவு. சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சை வைத்தபோது இவை வயிற்றில் சேர்த்துக்கொண்டு போய் வாயோடு வாய் ஊட்டவில்லை. தாடைகளுக்கு நடுவே ஒரு துளியைப் பிடித்தபடி கூட்டுக்குள் நடந்தன. இது பொனெரினேக்குப் பொருந்துகிறது. கூடாக வைத்திருந்த கண்ணாடிக் குழாயில் ஈரம் குறைந்து புதுக் குழாய்க்கு மாறியபோது இரண்டிரண்டாகப் போயின: முன்னே போவது வழிகாட்ட, பின்னே வருவது அதன் உடம்பை உணர்கொம்பால் தொட்டுக்கொண்டே வந்தது. டயகாமா கூடு மாறும் விதம் இதுதான். ஆனால் கேம்போனோட்டஸ் செரிசியஸ் போன்ற சில இனங்களும் இப்படி ஜோடியாகப் போகும் என்பதால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

கூட்டின் வாயைப் பற்றி மாணவர் தன் நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு வரி என்னை மிகவும் மகிழ்வித்தது: "வாயைச் சுற்றி கோழி இறகு, காய்ந்த இலைத் துணுக்கு, செத்த எறும்பு." குப்பை என்று தள்ளிவிடாமல் எழுதி வைத்தார். டயகாமா கூட்டின் வாயில் இப்படிப் பொருட்களை அடுக்கும். அதிகாலையில் இறகுகளில் படியும் பனித்துளியை எறும்புகள் தண்ணீராக எடுத்துக்கொள்வதை எறும்பு ஆய்வாளர் மார்க் மாஃபெட் இந்தியாவில் கவனித்து 1985ல் எழுதினார். தோண்டுவதற்கு முன் கூட்டின் வாயை ஒரு படம் எடுத்துவிடுங்கள். மண்வெட்டி விழுந்த பிறகு அந்தச் சாட்சி இருக்காது.

அப்படியானால் ராணி

பேரினம் தெரிந்த அந்த நிமிடமே மாணவரின் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. டயகாமாவுக்கு ராணி என்ற தனி உருவமே கிடையாது. இறக்கையோடு பறந்து, தரையிறங்கி, தனியாகக் கூடு தொடங்கும் பெரிய பெண் எறும்பு இந்தப் பேரினத்தில் இல்லை. எல்லாப் பெண்களும் பார்வைக்கு வேலைக்காரிகள்தான். அவர்களில் ஒருத்தி ஆணோடு இணைந்து முட்டையிடுகிறாள். அவளைக் கேமர்கேட் என்கிறார்கள்.

அவள் யார் என்று எப்படித் தீர்மானமாகிறது என்பதுதான் இந்தப் பேரினத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உறையை விட்டு வெளிவரும் ஒவ்வொரு டயகாமாப் பெண்ணுக்கும் மார்பின் இரு பக்கமும், முன்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில், சின்னக் குமிழ் போன்ற ஒரு ஜோடி உறுப்பு இருக்கும். இதன் பெயர் ஜெம்மா. இறக்கையின் எச்சம். ஆனாலும் வெறும் எச்சம் அல்ல, உள்ளே சுரப்பிச் செல்களும் மேலே உணர்மயிர்களும் உள்ளன. ஏற்கெனவே கேமர்கேட் இருக்கும் கூட்டில், புதிதாக வெளிவந்தவளின் ஜெம்மாக்கள் கடித்துத் துண்டிக்கப்படும். துண்டிக்கப்பட்டவள் பணிந்து போவாள், ஆணோடு இணைய மாட்டாள். அந்த உறுப்பு மறுபடி முளைக்காது. ஜெம்மா தப்பித்தவள் மட்டுமே கேமர்கேட் ஆக முடியும். ஆஸ்திரேலிய இனமான டயகாமா ஆஸ்ட்ரேலேவில் இதைக் கண்டு கிறிஸ்டியன் பீட்டர்ஸும் செய்கோ ஹிகாஷியும் 1989ல் வெளியிட்டார்கள். ஜப்பானிய ஆய்வாளர்களும் அதே ஆண்டில் இன்னொரு டயகாமாவில் இதையே பதிவு செய்தார்கள்.

ஆகவே இனிமேல் தேட வேண்டியது பெரிய எறும்பை அல்ல. தோளில் குமிழ் உள்ள எறும்பை.

ஒவ்வொன்றாகக் குளிர்வித்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றின் மார்புப் பக்கத்தில் ஜெம்மா இருந்த இடத்தில் சின்னக் குழி மட்டும் இருந்தது. மாணவருக்குக் கை பழகிய பிறகு அவரே பார்த்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் ஒன்றைக் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"சார், இதுக்கு ரெண்டு பக்கமும் இருக்குங்க!"

மற்றவற்றில் இருந்து அளவில் துளியும் வித்தியாசம் இல்லை. வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. தப்பித்துவிட்டாள் என்று நினைத்தவள் முதல் நாளில் இருந்தே டப்பாவில்தான் இருந்தாள்.

மலைக்குத் திரும்பிப் போய் இன்னும் ஆழமாகத் தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இல்லாத ராணிக்காகக் கூட்டின் மிச்சமும் அழிந்திருக்கும். அதைவிடச் சாதாரணமாக நடக்கும் இன்னொரு தவறு, இருபது முப்பது எறும்புகளை மட்டும் அள்ளிக்கொண்டு வருவது. அந்த முப்பதில் அவள் இல்லை என்றால், மீதிப் பேர் இடக்கூடியது கருவுறாத முட்டை மட்டுமே. அவற்றில் இருந்து ஆண்கள்தான் வரும். கொண்டுவந்த உறைகளில் இருந்து புதிதாக வரும் ஒருத்திக்கு ஜெம்மா தப்பிக்கலாம், ஆனால் இணைய வெளிக்கூட்டு ஆண் வேண்டும். அது கண்ணாடிக் குழாய்க்குள் வராது. கூட்டம் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும், வளர்த்தவருக்குக் காரணமும் விளங்காது.

எந்த டயகாமா?

பேரினம் வரை வந்த பாதை உறுதியானது. அதற்கு அடுத்த படியில்தான் நான் மிகவும் கவனமாக இருந்தேன். இந்தியாவில் எறும்புகளின் பட்டியலை 2016ல் புதுப்பித்தபோது 100 பேரினங்களில் 828 இனங்களும் துணையினங்களும் கணக்கில் வந்தன. அவ்வளவு பெரிய நாட்டில், ஒரே பேரினத்துக்குள் நெருங்கிய இனங்களைப் பிரிப்பது கைலென்ஸ் வேலை அல்ல.

தென்னிந்தியாவுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் டயகாமா இண்டிகம். பழைய பதிவுகள் பலவற்றில் டயகாமா ருகோசம் என்ற பெயரும் வரும். டயகாமா சிலோனென்ஸ் என்ற நெருங்கிய உறவும் உண்டு. பலர் இன்றும் கையில் எடுக்கும் பழைய வழிகாட்டி, பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் சார்லஸ் பிங்காம் 1903ல் எழுதிய எறும்புத் தொகுதி. அதில் இண்டிகத்தைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் எறும்பு ஆய்வாளர் சான்ட்ஷி அந்தப் பெயரை வைத்தது 1920ல். அதில் உள்ள திறவுகோலை (படிப்படியாக அடையாளங்களைக் கேட்டு இனத்துக்குக் கொண்டுபோகும் பட்டியல்) மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எப்படியும் வேறு பெயரில்தான் போய் முட்டும். மாணவர் அதைத்தான் பதிவிறக்கி வைத்திருந்தார் என்பதால் இதைச் சொல்கிறேன். பழைய நூல் பேரினம் வரை நல்ல துணை. இனத்துக்குப் பெயர் மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டயகாமா இனங்களைப் பிரிப்பவர்கள் பார்ப்பது முதுகிலும் கணுவிலும் வயிற்றின் முதல் வளையத்திலும் வரிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, கணுவின் வடிவம் எப்படி என்பவற்றை. எங்கள் படங்கள் இண்டிகம் என்று அடையாளமிட்ட மாதிரிகளின் படங்களோடு ஒத்துப்போயின. ஆனால் படத்தோடு படம் ஒத்துப்போவது வேறு, அருங்காட்சியக மாதிரியோடு மாதிரியை வைத்து ஒரு வல்லுநர் பார்ப்பது வேறு.

இங்கே நடத்தை ஒரு நல்ல சாட்சியைக் கொடுத்தது. நீலகிரியில் உள்ள ஒரு டயகாமா வகை மற்றவை போல் அல்ல. அங்கே ஜெம்மாவைத் துண்டிப்பதே இல்லை. எல்லா வேலைக்காரிகளும் அதோடுதான் திரிகிறார்கள், கேமர்கேட் தன் இடத்தைக் காப்பது ஆதிக்கச் சண்டையால். பீட்டர்ஸும் கூட்டாளிகளும் 1992ல் இதை விவரித்தார்கள். ஏற்காடும் மலைதான், எனவே இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். எங்கள் கூட்டில் ஒரு உறை பிரிந்து வெளிறிய புது எறும்பு வெளிவந்தபோது அதற்கு இரண்டு ஜெம்மாவும் இருந்தன. அதன் மேல் கேமர்கேட் ஏறி நின்று ஒரு பக்கத்தைத் தாடையால் கவ்வுவதை மாணவர் செல்போனில் படம்பிடித்தார். மறுநாள் பார்த்தபோது அந்த எறும்புக்கும் குழி மட்டுமே இருந்தது. ஆக, இந்த ஏற்காட்டுக் கூடு துண்டிக்கும் வகை. நீலகிரி வகை அல்ல. ஆனால் சிலோனென்ஸும் துண்டிக்கும் என்பதால் இந்தச் சாட்சியால் அதை விலக்க முடியாது.

அதனால் பெயர்ச்சீட்டில் நாங்கள் எழுதியது டயகாமா இண்டிகம் என்று அல்ல, "டயகாமா சி.எஃப். இண்டிகம்". இண்டிகத்தோடு ஒப்பிடத்தக்கது, உறுதி செய்யப்படவில்லை என்று அர்த்தம். மாணவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். ஓகினாவாவில் வாழும் டயகாமாவை வருடக்கணக்காக ஆராயும் ஜப்பானிய ஆய்வாளர்களே கட்டுரைகளில் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று காட்டினேன். கையில் இருக்கும் சாட்சி எதுவரை போகிறதோ அதுவரை எழுதுவது அறிவியலில் குறைபாடு அல்ல. உறுதியில்லாத இனப்பெயரை உறுதியாக எழுதிவிட்டால் அடுத்து வருபவர் அதை ஒரு பதிவாக எடுத்துக்கொள்வார், அந்தத் தவறு பட்டியலில் இருந்து பட்டியலுக்குப் பரவும்.

பெயருக்குக் கீழே இடம், ஏறத்தாழ உயரம், தேதி, சில்வர் ஓக் அடி, காபி நிழல், கூட்டின் வாயில் இறகு, எடுத்தவர் பெயர். ஆல்கஹாலில் இருக்கும் மூன்றும் பென்சிலில் எழுதிய அந்தச் சீட்டோடு ஒரு வகைப்பாட்டியலாளருக்குப் போகத் தயாராக உள்ளன. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஆண் எறும்பு கிடைத்தாலோ மரபணுப் பட்டைக்குறியீடு (இனத்தை அடையாளம் காட்டும் சிறு டி.என்.ஏ. பகுதி) எடுக்க முடிந்தாலோ இனப்பெயர் இன்னும் நெருங்கும்.

உயிரோடு இருந்தவற்றை அதே தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பினோம். சேலத்து வெயிலில் வைத்திருக்க எனக்கு மனம் இல்லை. மாணவருக்கும் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. டப்பாவை மூடுவதற்கு முன் ஜெம்மா உள்ளவள் உள்ளே இருக்கிறாளா என்று அவரே இரண்டு முறை சரிபார்த்தார். இது பட்டா நிலம் என்பதால் எடுக்கவும் விடவும் முடிந்தது. காப்புக்காட்டில் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

குப்பனூர்ப் பக்கம் அடிவாரத்திலும் ஒரு டயகாமாக் கூடு இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். அதைத் தோண்டப் போவதில்லை. வாயருகே இரை தேடி வரும் எறும்புகளில் சிலவற்றைக் குப்பியில் பிடித்து, லென்சில் மார்பின் பக்கத்தை மட்டும் பார்த்து, குழியா குமிழா என்று குறித்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் குழி இருந்தால் அந்தக் கூடும் துண்டிக்கும் வகை என்று மண்வெட்டி இல்லாமலே தெரிந்துவிடும்.